பொறிவண்டு ஏன் தாமதமாக வருகிறது?

அவரைக் கொடியின் கொழுந்தில் இன்றைக்கு நாலைந்து அசுவினி தெரிகிறது என்றால், அடுத்த வாரம் தண்டே தெரியாத அளவுக்கு அங்கே மொய்த்துக் கிடக்கும். செடியின் சாற்றை உறிஞ்சும் இந்தச் சின்னப் பூச்சியைச் செடிப்பேன் என்று சொல்பவர்களும் உண்டு. காய்கறித் தோட்டம் போட்ட எல்லோருக்கும் பழகிப்போன காட்சி இது. பார்த்ததும் கை தானாகத் தெளிப்பானைத் தேடும். ரசாயன மருந்து அடிப்பவர் அதைக் கலக்குவார். அது வேண்டாம் என்பவர் வேப்பெண்ணெயோ சோப்புக் கரைசலோ கலக்குவார். இரண்டு பேருக்கும் ஒரே அவசரம். பொறிவண்டு மாதிரி அசுவினியைத் தின்று அழிக்கும் பூச்சிகள் பெரும்பாலான தோட்டங்களுக்குக் கூப்பிடாமலே வருகின்றன. ஆனால் அசுவினி வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வருகின்றன. இயற்கை எதிரிகளை நம்பித் தோட்டம் செய்வது என்றால், ஏறக்குறைய முழுக்க இந்த இடைவெளியைச் சமாளிக்கும் வேலைதான். பொறிவண்டை எங்கிருந்து பிடித்து வருவது என்ற கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? முதலில் அசுவினி பெருகும் விதத்தைப் பார்க்க வேண்டும். வளரும் பருவத்தில் செடியில் நாம் காணும் கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாமே பெண். ஆண் துணை தேவையில்லை, முட்டையும் கிடையாது. நேராகக் குஞ்சு போடும். பிறக்கிற குஞ்சின் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறையின் கரு அப்போதே வளரத் தொடங்கியிருக்கும். பாட்டி உயிரோடு செடியில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் உடலுக்குள் மகளும், மகளுக்குள் பேத்தியும் இருப்பார்கள். இதமான வெப்பம் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் குஞ்சும் குஞ்சு போட ஆரம்பித்துவிடும். கூட்டம் நெரிசலாகி, செடியின் சாறும் குறைய ஆரம்பித்தால், இறக்கை முளைத்த பெண்கள் பிறந்து அடுத்த செடிக்குப் பறந்துபோகும்.

வளரும்போது ஒவ்வொரு குஞ்சும் நான்கு முறை தோல் உரிக்கும். இலை மேல் வெள்ளை வெள்ளையாகத் தவிடு தூவினாற்போல் கிடப்பது அந்தத் தோல்தான். வெள்ளை ஈ வந்துவிட்டது என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். தொட்டால் பறக்காது, நகராது. இது அதிகமாகக் கிடக்கிறது என்றால் கூட்டம் சில நாட்களாகவே அங்கே குடியிருக்கிறது என்று அர்த்தம்.

பொறிவண்டால் இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. முட்டையிலிருந்து முழு வண்டாக அதற்கு மூன்று நான்கு வாரம் வேண்டும். அது மட்டுமில்லை, தாய் வண்டு கண்ட இடத்தில் முட்டை இடாது. அசுவினி போதுமான அளவு சேர்ந்த செடியைத்தான் தேடும். குறைவாக இருக்கும் இடத்தில் முட்டையிட்டால், பொரிந்து வரும் புழுக்கள் பட்டினி கிடக்கும். ஒன்றையொன்று தின்னவும் செய்யும். வேறு பொறிவண்டுப் புழுக்கள் ஏற்கெனவே நடமாடிய தடம் தெரிந்தாலும் தாய் அங்கே முட்டை இடத் தயங்குகிறது. ஆக, நம் கண்ணுக்குத் தாமதமாகத் தெரிவது அந்தப் பூச்சியின் கணக்குப்படி சரியான நேரம். இதைப் புரிந்துகொண்டால் ஒரு விஷயம் தெளிவாகும்: அசுவினி ஒன்றுகூட இல்லாத தோட்டத்தில் பொறிவண்டும் இருக்காது. கொஞ்சம் அசுவினியை விட்டுவைக்க மனம் வராதவருக்கு இந்த முறை கைகொடுக்காது.

யார் யார் வருகிறார்கள் என்பதை அடையாளம் காணத் தெரிவது அடுத்த பாதி வேலை. பொறிவண்டு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த அந்த அழகான வண்டு. உண்மையில் பாதிக்கு மேல் வேலை செய்வது அதன் புழு. சாம்பல் கலந்த கறுப்பு உடலில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் திட்டுகளோடு, குட்டி முதலை மாதிரி ஆறு காலில் விறுவிறுவென்று நடக்கும். அழகு கிடையாது. பார்த்ததும் நசுக்கத் தோன்றும் தோற்றம். அப்படி நசுக்கப்படும் புழுக்கள் எத்தனையோ. ஒரு புழு வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றிருக்கும். முட்டைகள் இலையின் அடியில் பத்து இருபதாகச் சேர்ந்து, மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில் நெட்டுக்குத்தலாக நிற்கும். கூட்டுப்புழு இலையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். ஏதோ நோய்த் திட்டு என்று நினைத்து அந்த இலையைக் கிள்ளி எறிந்துவிட வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கத்தரி, உருளைக்கிழங்கு, பாகல் செடிகளில் இலையைச் சுரண்டித் தின்னும் ஒரு வண்டும் இதே குடும்பம்தான். இருபத்தெட்டுப் புள்ளி கொண்ட ஹெனோசெபிலாக்னா அது. நல்ல பொறிவண்டின் முதுகு வழவழப்பாக மின்னும். இதன் முதுகு மெல்லிய ரோமம் மூடி மங்கலாக இருக்கும். இதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு இருக்கும். இலை நரம்பு மட்டும் மிஞ்சி சல்லடைக் கண்ணாகத் தெரிந்தால் அது இந்த வண்டின் வேலை. இதைக் கையால் பொறுக்கி அழிக்கலாம், தவறில்லை.

கண்ணாடி இறக்கைப் பூச்சியைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி அதன் முட்டை. இலையிலிருந்து மெல்லிய நூலிழை ஒன்று எழும்பி நிற்கும், அதன் நுனியில் ஒரு சின்ன வெளிர் முட்டை. எறும்பும், முதலில் பொரிந்த உடன்பிறப்பும் முட்டையைத் தின்றுவிடாமல் இருக்க இந்தத் தண்டு உதவுகிறது. புழுவின் வாயில் இரண்டு வளைந்த தாடைகள், உள்ளே குழாயாக இருக்கும். அசுவினியைக் குத்திப் பிடித்துத் தூக்கி, உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிட்டுப் போகும். சில இனங்களின் புழுக்கள் அந்தத் தோல்களையும் குப்பையையும் முதுகில் சுமந்துகொண்டு திரியும். இலையில் ஒரு சின்னக் குப்பை மேடு நகர்ந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள், அதுதான்.

சிர்பிட் ஈதான் என் மதிப்பீட்டில் தோட்டக்காரர்கள் மிகக் குறைவாக மதிக்கும் உதவியாளர். வளர்ந்த ஈ தேனீ, குளவி நிறத்தில் மஞ்சள் கறுப்புப் பட்டையோடு இருக்கும், பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும். கொட்டாது. அது பொறிவண்டைவிடச் சீக்கிரம் வருகிறது. சின்னக் கூட்டத்தின் பக்கத்திலும் வெள்ளை முட்டையை ஒற்றையாக இட்டுவிட்டுப் போகும். புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. தலையை இடமும் வலமும் ஆட்டித் துழாவி, பட்ட அசுவினியைக் கவ்வி மேலே தூக்கி உறிஞ்சும். பல இனங்கள் இரவில்தான் தீவிரமாக வேட்டையாடும், பகலில் இலைமடிப்பில் ஒளிந்திருக்கும். கூட்டத்துக்கு நடுவே கறுப்பாக, ஈரமாக, தார் தீற்றினாற்போல் எச்சம் தெரிந்தால் அங்கே சிர்பிட் புழு இருக்கிறது.

ஒட்டுண்ணிக் குளவிகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணில் பறக்கும் தூசி மாதிரிப் படும். அஃபிடியஸ் என்ற இனத்தின் தாய்க் குளவி தன் வயிற்றைக் கால்களுக்கு இடையே முன்பக்கம் வளைத்து அசுவினியின் உடலில் ஒரு முட்டையைச் செலுத்தும். ஒரு நொடி வேலை. அசுவினி சில நாட்கள் வழக்கம்போல் சாறு குடித்துக்கொண்டிருக்கும். உள்ளே குளவிப் புழு அதைத் தின்று முடிக்கும்போது, அசுவினியின் உடல் உப்பி, விறைத்து, பழுப்பு நிறக் கூடாக இலையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முதுகில் வட்டமாக மூடி வெட்டிக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். மொத்தத்தில் இரண்டு வாரம். ஒரு குளவி நூற்றுக்கு மேல் முட்டையிடக் கூடியது. இலையில் பழுப்புக் கூடுகள் சிலவற்றைப் பார்த்துவிட்டால், அதைப் போலப் பல மடங்கு அசுவினிகளுக்குள் முட்டையும் புழுவும் ஏற்கெனவே இருக்கக்கூடும். வெளியே உயிரோடு தெரிந்தாலும் அவற்றின் கதை முடிந்துவிட்டது. அன்றைக்கு மருந்து அடித்தால் அந்தக் குளவிகள் அத்தனையும் அசுவினியோடு சேர்ந்து சாகும். இந்த ஒரு அடையாளத்தையாவது எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

இவை தவிர, ஆரஞ்சு நிறத்தில் மிகச் சிறிய புழுவாக இருந்து அசுவினியின் காலில் கடித்து அதை முடக்கிவிட்டு உறிஞ்சும் கொசுவினம் ஒன்று உண்டு. ஈரப்பதம் அதிகமான நாட்களில் பூஞ்சை நோய் வந்து அசுவினிக் கூட்டமே செத்துக் கிடப்பதும் நடக்கும்.

தரையில் இருப்பவற்றையும் மறந்துவிடக் கூடாது. தாக்கப்படும் அசுவினி தன் பின்பக்கத்து இரட்டைக் குழாய்களிலிருந்து ஒரு திரவத்தைக் கசியவிடும். அதன் வாசனை பக்கத்தில் இருப்பவற்றுக்கு ஆபத்துச் செய்தி. பல அசுவினிகள் உடனே பிடியை விட்டுக் கீழே விழுந்துவிடும். பொறிவண்டிடமிருந்து தப்பி விழுந்தது தரையில் சிலந்தியிடமோ தரை வண்டிடமோ மாட்டும். பாத்தியில் மூடாக்கு போட்டிருந்தால் இந்தத் தரைவாசிகளுக்கு ஒதுங்க இடம் இருக்கும். வெறும் மண்ணில் வெயிலில் அவை தங்காது.

இவ்வளவு பேர் வரும் தோட்டத்திலும் சில செடிகளில் அசுவினி குறையவே குறையாது. அங்கே தண்டில் எறும்பு வரிசை ஏறி இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். செடிச்சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் குறைவு. தேவையான அளவு கிடைக்க அசுவினி நிறையச் சாறு குடிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சும் சர்க்கரையைத் தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. இலை பிசுபிசுப்பதும், அதன்மேல் கரும்பூசணம் படர்வதும் இதனால்தான். எறும்புக்கு அந்தத் தேன் வேண்டும். அதனால் பொறிவண்டுப் புழுவைக் கடித்துத் துரத்தும், முட்டைகளைத் தூக்கி எறியும், குளவியை இறங்கவிடாது. இந்தக் காவலை உடைக்காமல் வேறு எதைச் செய்தும் பயன் குறைவு. பந்தல் கால், குச்சி, பக்கத்துச் சுவர் எனச் செடியைத் தொடும் பாலங்களை எடுத்துவிட்டு, கால்களில் ஒட்டும் பசை தடவிய பட்டை கட்டலாம். தொட்டிச் செடியானால் தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே, அடிப்பாகம் நனையாமல் சிறு கற்களின் மேல் வைக்கலாம். எறும்பு நின்ற சில நாட்களில் கூட்டம் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சரி, மருந்து அடித்தால் என்ன ஆகிறது? எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்து அசுவினியையும் கொல்லும், எதிரிகளையும் கொல்லும். இலைச் சுருளுக்குள் ஒளிந்து தப்பிய சில அசுவினிகள் போதும், பத்தே நாளில் பழைய கூட்டம் திரும்பிவிடும். எதிரிகள் திரும்ப ஒரு மாதம் ஆகும். அதற்குள் இரண்டாவது தெளிப்பு, மூன்றாவது தெளிப்பு. மிளகாய், முட்டைகோஸ் உட்பட எத்தனையோ பயிர்களைத் தாக்கும் பச்சை அசுவினியான மைசஸ் பெர்சிகே 70-க்கும் மேற்பட்ட பூச்சிமருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் வளர்த்துக்கொண்டிருக்கிறது.

இதே பாடத்தைப் பெரிய அளவில் காட்டிய சம்பவம் கலிபோர்னியாவில் நடந்தது. அங்கே நாரத்தை இனப் பழத்தோட்டங்களை வெள்ளைப் பஞ்சு மூடிய ஒரு செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அசுவினிக்குத் தூரத்து உறவு அது. 1888-ல் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே ஆஸ்திரேலியாவுக்குப் போய், அந்தப் பூச்சியைத் தின்னும் ரோடோலியா என்ற சிறு பொறிவண்டை அனுப்பிவைத்தார். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மீண்டன. 1940-களில் அதே தோட்டங்களில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். பொறிவண்டு செத்தது, பல பத்தாண்டுகளாக அடங்கிக் கிடந்த செதில் பூச்சி மறுபடி கிளம்பியது. தெளிப்பை நிறுத்தி, வண்டைத் திரும்ப விட்ட பிறகுதான் நிலைமை சரியானது.

வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் இயற்கையானவை என்பதால் எதிரிகளுக்கு ஒன்றும் செய்யாது என்று நினைப்பது சரியில்லை. வேம்பிலுள்ள அசாடிராக்டின் தோல் உரித்து வளரும் எல்லாப் புழுக்களின் வளர்ச்சியையும் குலைக்கக் கூடியது. பொறிவண்டுப் புழுவும் சிர்பிட் புழுவும் அதில் அடக்கம். சோப்புக் கரைசல் மேலே பட்ட மெல்லுடல் பூச்சி எதுவானாலும் கொல்லும், காய்ந்த பிறகு ஒன்றும் செய்யாது. அந்தக் குணத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். தோட்டம் முழுக்கத் தெளிக்காமல், எதிரிகளின் முட்டை, புழு, பழுப்புக் கூடு எதுவும் இல்லாத, மிக மோசமான கொழுந்துக்கு மட்டும் தூரிகையால் தடவிவிடலாம்.

அந்த ஒன்றிரண்டு வார இடைவெளியில் செய்ய வேண்டியது பெரும்பாலும் தண்ணீர் வேலைதான். காலையில் குழாய்த் தண்ணீரை விசையோடு இலையின் அடிப்பக்கம் படும்படி பீய்ச்சுங்கள். உதிர்ந்து விழும் அசுவினியின் வாய் ஊசி பெரும்பாலும் உடைந்துவிடும் அல்லது திரும்பி ஏற வழி தெரியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை செய்தால் கூட்டத்தின் வேகம் மட்டுப்படும். எதிரிகளைத் தங்கவைக்கப் போதுமான அசுவினி மிஞ்சியும் இருக்கும். பொறிவண்டுப் புழு தெரிய ஆரம்பித்த செடியில் மட்டும் தண்ணீர் அடிப்பதை நிறுத்திவிட வேண்டும். அவரையிலும் தட்டைப்பயற்றிலும் நுனி மொத்தமும் கறுப்பு அசுவினி அப்பிக் கிடந்தால், நுனியைக் கிள்ளி எடுத்துவிடுவது எல்லாவற்றையும்விட எளிது.

உரமும் இதில் சம்பந்தப்பட்டது. யூரியாவோ கோழி எருவோ அளவுக்கு மிஞ்சிப் போட்ட செடி கரும்பச்சையாக, மெதுமெதுவென்று கொழுந்து விடும். அந்தச் சாற்றில் அமினோ அமிலம் அதிகம். அசுவினி வேகமாக வளரும், அதிகக் குஞ்சு போடும். தழைச்சத்தைச் சிறு சிறு தவணையாகக் கொடுப்பது எதிரிகளுக்கு அவகாசம் வாங்கித் தருவதற்குச் சமம்.

பூக்கள் இல்லாத காய்கறித் தோட்டத்தில் எதிரிகள் தங்காது. சிர்பிட் ஈக்கு முட்டை முதிர மகரந்தம் வேண்டும். குளவிக்குத் தேன் கிடைக்காவிட்டால் சில நாட்களில் செத்துவிடும். இரண்டுக்கும் வாய் குட்டை, ஆழமான குழல் பூக்கள் பயன்படாது. கொத்தமல்லி, சோம்பு, அதே குடும்பத்தில் சேரும் சதகுப்பை ஆகியவற்றைப் பறித்தது போக நாலு செடியைப் பூக்க விட்டுவிட்டால் அதுவே சிறந்த விருந்து. கடுகும் சூரியகாந்தியும் நல்லவை. ஓரத்தில் சோளமோ மக்காச்சோளமோ ஒரு வரிசை நடுவதற்கும் காரணம் உண்டு. அதில் வரும் அசுவினி புல்லினப் பயிரை விட்டுக் கத்தரிக்கோ அவரைக்கோ வராது, ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டு பக்கத்துப் பாத்திக்கும் வரும்.

காசு கொடுத்துப் பொறிவண்டு வாங்கி விடுவதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மூடிய பசுமைக்குடிலில் குளவிகளையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் வாங்கி விடுவது நன்றாக வேலை செய்கிறது. திறந்த தோட்டத்தில் விடும் வளர்ந்த வண்டுகளோ பெரும்பாலும் சில நாட்களில் பறந்துபோய்விடும். வேறு ஊர் இனத்தைக் கொண்டுவருவதில் பெரிய ஆபத்தும் உண்டு. கிழக்காசியாவைச் சேர்ந்த ஹார்மோனியா பொறிவண்டை அசுவினிக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விட்டார்கள். அது கட்டுக்கடங்காமல் பரவி, 2004-ல் பிரிட்டனுக்கும் வந்து, உள்ளூர்ப் பொறிவண்டுகளின் புழுக்களையும் தின்று அவற்றை அருகச் செய்துவிட்டது.

இந்த முறைக்கு எல்லை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அசுவினி பரப்பும் தேமல் நோய் வைரஸ்கள் பல, இலையில் ஒரு முறை ஊசியைக் குத்திப் பார்க்கும் சில நொடிகளிலேயே செடிக்குள் போய்விடும். எந்தப் பொறிவண்டும் அவ்வளவு வேகமாகத் தின்னாது. அதற்கு இளம் நாற்றுக்கு மேல் வலை, நோய் எதிர்ப்பு ரகம், தேமல் கண்ட செடியை உடனே பிடுங்குவது என்று வேறு வழிதான். முட்டைகோஸில் வரும் சாம்பல் பூத்த அசுவினி, செடியின் காரச் சுவைக்குக் காரணமான பொருளைத் தன் உடலில் சேர்த்துவைத்து, கடிபட்டதும் அதை நஞ்சாக மாற்றும். சில பொறிவண்டுகள் அதைத் தின்றால் செத்தும் போகும். அங்கே பொறிவண்டைவிட டயரெட்டியெல்லா என்ற குளவிதான் நம்பிக்கை.

வேலை நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே கொழுந்துக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை பாருங்கள். அசுவினி கூடியிருந்தாலும் பழுப்புக் கூடும் புழுவும் அதைவிட வேகமாகக் கூடியிருந்தால் கைவைக்க வேண்டாம். இரண்டு முறை பார்த்தும் எதிரி ஒன்றுகூட இல்லை, எறும்பும் இல்லை, இலை சுருள்கிறது என்றால் அந்தச் செடியை மட்டும் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். காய்ப்பு முடிந்து செடியைப் பிடுங்கும் நாளில் இலைகளைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை விழாத பழுப்புக் கூடுகள் இருந்தால் உரக்குழியில் போடாமல் தோட்டத்து நிழலில் பத்து நாள் சாய்த்து வையுங்கள். உள்ளே இருக்கும் குளவிகள் வெளியே வந்து அடுத்த பாத்திக்குப் போகும்.